கொரிப்போ: ஒரு சிற்றூரின் வரலாறு

பேரரசுகளின் வரலாற்றையே நான் பல்லாண்டுகள் கற்பித்தேன்; இன்று ஒரு சிற்றூரின் வரலாற்றைக் கூற விழைகின்றேன்.

சுவிட்சர்லாந்தின் தெற்கே, இத்தாலிய மொழி வழங்கும் திச்சினோ மாநிலத்தில், வெர்சாஸ்கா பள்ளத்தாக்கின் செங்குத்தான சரிவில் அமைந்தது கொரிப்போ. சுவரும் கல், கூரையும் கல். உழுவதற்குச் சமநிலம் அரிது. ஆடுகளும் செஸ்ட்நட் மரங்களுமே மக்களைக் காத்தன.

1850ஆம் ஆண்டளவில் அங்கே ஏறக்குறைய 300 பேர் வாழ்ந்தனர். வறுமை தாங்காது அப்பள்ளத்தாக்கின் இளைஞர் பலர் கலிபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றனர். பின்னர் நகரத் தொழில்கள் மற்றவரை ஈர்த்தன. மக்கள்தொகையில் நாட்டின் மிகச் சிறிய ஊராட்சியாகக் கொரிப்போ குன்றிற்று. ஊராட்சி மன்றத்துக்கு ஆள் ஏது? 2020இல் அண்டை ஊர்களோடு இணைந்து, வெர்சாஸ்கா என்னும் புதிய ஊராட்சியில் அடங்கிற்று.

கல்வீடுகள் இன்றும் நிற்கின்றன. படையெடுப்பால் மட்டுமன்று, பள்ளிக்குப் பிள்ளைகள் இன்மையாலும் ஓர் ஊரின் வரலாறு முடிவுறும் என்பதை உணர்வீர்களாக.