சுழலும் உருளை: ஒரு வீட்டுக் கருவியின் வரலாறு

வரலாறு என்றவுடன் நம் மாணவர்களின் நினைவுக்கு வருவன அரசர்களும் போர்களும் ஒப்பந்தங்களுமே. அடுக்களைப் பரணில் கரி படிந்து கிடக்கும் கருவிகளுக்கும் வரலாறு உண்டு என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. நாமும் எண்ணிப் பார்க்கச் சொல்வதில்லை. அம்மியும் உரலும் முறமும் அறிந்த நம் இல்லங்கள் சிலவற்றில், ஒரு காலத்தில் காப்பிக்கொட்டை வறுக்கும் இரும்பு உருளையும் இடம்பெற்றிருந்தது. இரு முனையும் அடைத்த சிறு பீப்பாய், நடுவே ஊடுருவிச் செல்லும் ஓர் அச்சு, அச்சின் முனையில் கைப்பிடி, கொட்டையை இடவும் எடுக்கவும் ஒரு சிறு கதவு, கீழே கரியடுப்பு. இவ்வளவே அதன் உறுப்புகள். ஆயினும் இவ்வெளிய கருவிக்குள் மூன்றரை நூற்றாண்டு மனித முயற்சி அடங்கிக் கிடக்கிறது. அதனை விரித்துக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வறுத்தலின் இயல்பு

உருளை ஏன் வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காணாமல் அதன் வரலாற்றைப் புரிந்துகொள்ள இயலாது. வறுபடாத காப்பிக்கொட்டை பசுமை கலந்த சாம்பல் நிறமுடையது. பல்லால் கடிக்க இயலாத அளவு கடினமானது. அதன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு நீர். வெப்பம் ஏற ஏற அந்நீர் ஆவியாகிறது. கொட்டை மஞ்சளாகிப் பின் பழுப்பாகிறது. ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வெப்பத்தில், உள்ளே அடைபட்ட ஆவி கொட்டையைப் பிளந்துகொண்டு வெளிவர, சோளப்பொரி வெடிப்பது போன்ற ஓசை எழுகிறது. மேலும் வெப்பம் ஏறி 225 பாகையை நெருங்கும்போது, சுள்ளி முறிவது போன்ற மெல்லிய இரண்டாம் வெடிப்பு கேட்கிறது. அதன்பின் கொட்டையின் மேற்பரப்பில் எண்ணெய் கசியத் தொடங்கும். இன்னும் சிறிது காலம் தாழ்த்தினால் மிஞ்சுவது கரியே.

ஆக, நல்ல காப்பிக்கும் கரிக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு சில நிமிடங்களே. அந்நிமிடங்களில் எல்லாக் கொட்டைகளும் ஒரே சீராக வெப்பம் பெறவேண்டும். அடியில் கிடப்பது தீயவும் மேலே கிடப்பது வேகாமல் நிற்கவும் விடலாகாது. சுழலும் உருளை இச்சிக்கலுக்கு மனிதன் கண்ட தீர்வாகும்.

சட்டியிலிருந்து உருளைக்கு

எத்தியோப்பியாவிலும் அரபு நாடுகளிலும் தொடக்கத்தில் மண்சட்டியிலும் தட்டையான இரும்புக் கரண்டியிலும் இட்டுக் கிளறியே காப்பிக்கொட்டையை வறுத்தனர். எத்தியோப்பிய இல்லங்களில் விருந்தினர் முன்னிலையில் கொட்டையை வறுத்து இடித்துக் காப்பி வழங்கும் மரபு இன்றும் போற்றப்படுகிறது.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், ஏறத்தாழ 1650ஐ ஒட்டி, கையால் சுழற்றும் உலோக உருளை தோன்றியது. வெள்ளீயம் பூசிய தகட்டாலும் செம்பாலும் அதனைச் செய்தனர். 1660ஐ ஒட்டி இங்கிலாந்திலும் தகர உருளை புழக்கத்திற்கு வந்தது. இறைச்சி வாட்டும் கம்பியைச் சுழற்ற அந்நாட்டு அடுக்களைகளில் ஏற்கெனவே ஒரு பொறி இருந்தது. அதனையே காப்பி உருளையைச் சுழற்றவும் பயன்படுத்திக்கொண்டனர். இருப்பதைக் கொண்டு புதியதைச் சமைக்கும் இவ்வறிவே கருவிகளின் வரலாற்றை முன்னோக்கி நடத்தியது எனலாம்.

ஈண்டு ஓர் இயற்பியல் உண்மையை எண்ணிப் பார்த்தல் நலம். வெள்ளீயம் உருகும் நிலை 232 பாகை. காப்பியை நன்கு கருக வறுக்கும்போது கொட்டையின் வெப்பமே அதனை நெருங்கிவிடும். தீயின்மேல் சுழலும் தகட்டின் வெப்பமோ அதனைக் கடந்துவிடும். எனவே, வெள்ளீயம் பூசிய மெல்லிய தகடு நெடுநாள் தாங்காது. வார்ப்பிரும்பும் தடித்த எஃகும் பிற்கால உருளைகளில் நிலைபெற்றது பொருத்தமே.

வறுக்கும் உரிமை

வீட்டில் காப்பி வறுத்தலை அரசே தடைசெய்த காலமும் உண்டு. பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடெரிக், காப்பிக்காகப் பொன்னும் வெள்ளியும் அயல்நாட்டுக்குச் செல்வதைக் கண்டு மனம் பொறாதவர். 1781இல் அவர் காப்பி வறுத்தலை அரசின் தனியுரிமையாக்கினார். உயர்குடியினரும் அலுவலர்களும் உரிமச்சீட்டுப் பெற்று வறுக்கலாம், எளியவர்களுக்கு அவ்வாய்ப்பில்லை. இச்சட்டத்தைக் காக்க, போரில் பணியாற்றி ஓய்ந்த வீரர்களை மன்னர் அமர்த்தினார். அவர்கள் தெருத்தெருவாகச் சென்று, எந்த வீட்டிலிருந்து காப்பி வறுக்கும் மணம் வருகிறது என்று மோப்பம் பிடித்தனர். மக்கள் அவர்களைக் ‘காப்பி மோப்பக்காரர்’ என்றே அழைத்தனர். 1786இல் மன்னர் மறைந்தபின் இம்முறை நெடுநாள் நீடிக்கவில்லை.

நகைப்புக்குரியதாகத் தோன்றும் இந்நிகழ்ச்சியில் ஆழ்ந்த பொருள் ஒன்று உண்டு. விளைபொருளின் மதிப்பு உயர்வது அதனைப் பக்குவப்படுத்தும் தொழிலில்தான். அத்தொழில் யார் கையில் இருக்கிறதோ அவர் கைக்கே ஊதியமும் செல்கிறது. பிரெடெரிக் மன்னர் இதனை நன்கறிந்திருந்தார்.

ஆலையின் எழுச்சி

மன்னரின் ஆணையால் அணையாத வீட்டடுப்பைப் பின்னர் வணிகம் அணைத்தது. 1846இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் கார்ட்டர் பெரிய வறுப்புருளை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் ஒரு குறை இருந்தது. வறுபட்ட கொட்டையைக் கொட்டுவதற்குச் சூடான உருளை முழுவதையும் அடுப்பிலிருந்து வெளியே இழுக்கவேண்டும். இழுத்துக் கொட்டி முடிப்பதற்குள் கொட்டை உள்ளிருந்த வெப்பத்தால் மேலும் கருகும். தொழிலாளர்கள் புகையில் மூச்சுத் திணறுவர்.

இக்குறையை நீக்கியவர், இலண்டனில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஜேபெஸ் பர்ன்ஸ். 1864இல் அவர் காப்புரிமை பெற்ற உருளையின் உட்புறத்தில், எதிரெதிர்த் திசையில் வளைந்து செல்லும் இரண்டு திருகுத் தகடுகள் இருந்தன. ஒன்று கொட்டையை முன்னே தள்ளும். மற்றொன்று பின்னே தள்ளும். அதனால் கொட்டை இடைவிடாது கலந்துகொண்டேயிருக்கும். கதவைத் திறந்தால், உருளை அடுப்பின் மேல் இருக்கும்போதே கொட்டை தானாக வெளியேறும். செருமனியின் எம்மெரிக் நகரில் 1868இல் தொடங்கப்பெற்ற தொழிற்சாலையும் வறுபொறிகளைச் செய்து உலகெங்கும் அனுப்பியது.

ஆலைகள் பெருகின. வறுத்த காப்பியைப் பொட்டலமாக விற்கும் வணிகம் வளர்ந்தது. 1938இல் நெஸ்கபே என்னும் உடனடிக் காப்பித்தூள் விற்பனைக்கு வந்தபின், கொட்டையைக் காணாமலே காப்பி பருகும் தலைமுறைகள் தோன்றின. வீட்டு உருளை பரணுக்கு ஏறியது.

மலாயாவின் காப்பிக் காலம்

இவ்வரலாற்றில் நமக்கும் ஒரு பங்குண்டு. மலாயாத் தமிழர் வரலாறு பால்மரத்தில் தொடங்குவதாகவே நம் மாணவர்கள் பலர் கருதுகின்றனர். அது முழு உண்மையன்று. பால்மரத்துக்கு முன் இங்கே காப்பி இருந்தது.

1869இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. அடுத்து வந்த ஆண்டுகளில் அந்நாட்டின் காப்பித் தொழிலே சாய்ந்தது. தோட்டத் துரைமார்களில் சிலர் மலாய் மாநிலங்களுக்கு வந்து, சிலாங்கூரிலும் பேராக்கிலும் நெகிரி செம்பிலானிலும் காப்பி பயிரிட்டனர். தாழ்நிலத்து வெப்பத்தைத் தாங்கும் லைபீரிக்கா வகையே பெரிதும் நடப்பட்டது. காடழித்து நிலம் திருத்தியவர்களிலும், செடி நட்டுப் பழம் பறித்தவர்களிலும், கங்காணிகள் வழியாகவும் ஒப்பந்தத்தின் பேரிலும் தமிழகத்திலிருந்து வந்தோர் மிகப் பலர்.

1890களின் நடுவில் பிரேசில் நாட்டின் மிகுவிளைச்சலால் உலகச் சந்தையில் காப்பியின் விலை சரிந்தது. இலைகளை அரித்துண்ணும் புழுக்களும் தோட்டங்களைப் பாழாக்கின. அக்காலத்தில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் பொறுப்பிலிருந்த ஹென்றி ரிட்லி இரப்பர் பயிரிடுமாறு தோட்டக்காரர்களை வற்புறுத்தி வந்தார். காஜாங் வட்டாரத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்களும், மலாக்காவில் டான் சே யானும் முன்னோடிகளாக இரப்பர் நட்டனர். காப்பிச் செடிகளின் இடையே பால்மரக் கன்றுகள் எழுந்தன. காப்பி மெல்ல மறைந்தது. இன்றும் ஜொகூர் மாநிலத்தில் பயிராகும் லைபீரிக்கா காப்பி அந்தப் பழைய காலத்தை நினைவூட்டுகிறது.

அக்காலத்துக் காப்பி பச்சைக் கொட்டையாகவே கப்பலேறியது. மூட்டையைச் சுமந்த தோள்கள் இங்கே. வறுத்து விற்று ஊதியம் கண்ட கைகள் அங்கே. பிரெடெரிக் மன்னர் சட்டத்தால் செய்ததை ஈண்டு வணிகமே செய்து முடித்தது.

பேணுதலும் திருத்துதலும்

என் பாட்டியார் தோட்டத்து வீட்டின் பின்புறம் இரண்டு லைபீரிக்கா மரங்களை வளர்த்தார். அவற்றின் கொட்டையை வறுப்பதற்கென்று தோட்டத்துப் பட்டறையில் பழைய இரும்புக் குழாய்த் துண்டைக் கொண்டு செய்யப்பெற்ற உருளை இன்று என்னிடம் உள்ளது. அதனைப் பேணுவதில் நான் கற்றவற்றை இங்குக் கூறுவது பயன்தரும் என நம்புகிறேன்.

முதலாவது, தூய்மை. வறுபடும்போது கொட்டையின் மெல்லிய வெள்ளித்தோல் உதிர்கிறது. அது உருளையிலும் அடுப்பிலும் தங்கினால் எளிதில் தீப்பற்றும். ஒவ்வொரு முறையும் தட்டி நீக்கவேண்டும். உட்சுவரில் படியும் எண்ணெய்ப் பிசுக்கை இளஞ்சூட்டிலேயே உலர்ந்த துணியால் துடைத்தல் வேண்டும். நீர் ஊற்றிக் கழுவினால் இரும்பு துருப்பிடிக்கும்.

இரண்டாவது, அச்சு. அச்சு தங்கும் துளை தேய்ந்து பெருத்தால் உருளை ஆடும். கொட்டை ஒருபுறம் ஒதுங்கி ஏற்றத்தாழ்வாக வறுபடும். துளையில் புதிய வளையம் பொருத்துவதே முறை. அச்சுக்குச் சமையல் எண்ணெய் இடலாகாது. வெப்பத்தில் அது பிசினாகி இறுகும். உணவுக் கருவிகளுக்கு ஏற்ற, வெப்பம் தாங்கும் மசகே தகும்.

மூன்றாவது, மூட்டு. இதில் நான் ஒரு பிழை செய்தேன். உருளையின் விளிம்பு விரிந்தபோது ஈயப்பற்று வைத்து ஒட்டுவித்தேன். அடுத்த முறை வறுக்கும்போதே ஒட்டு இளகி விளிம்பு திறந்துகொண்டது. கொட்டை முழுவதும் நெருப்பில் கொட்டியது. வழக்கமான ஈயப்பற்று 183 பாகையிலேயே உருகத் தொடங்கும். காப்பி வெடிப்பதோ 200 பாகையில். வகுப்பறையில் உருகுநிலையைப் பாடமாக நடத்திய நான், அப்பாடத்தை என் அடுப்பின் முன் மறந்துவிட்டேன். அதுமட்டுமன்று, ஈயம் நஞ்சு. உணவுக் கருவியில் அதற்கு இடமே இல்லை. பின்னர் விளிம்பை மடித்து ஆணி அறைந்து இறுக்கினேன். துத்தநாகம் பூசிய தகட்டையும் இப்பணிக்குக் கொள்ளலாகாது.

இனித் திருத்தம். உள்ளே இரண்டு சாய்தகடுகளை எதிரெதிர்ச் சாய்வில் பொருத்தினால், பர்ன்ஸ் 1864இல் கண்ட பயனை வீட்டு உருளையிலும் பெறலாம். கைப்பிடிக்கு மாற்றாகச் சிறு மோட்டார் இணைப்போர், வேகத்தில் கருத்தாக இருத்தல் வேண்டும். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளை நிமிடத்துக்கு ஏறத்தாழ 95 முறை சுழன்றால், கொட்டை சுவரோடு ஒட்டிச் சுழலுமேயன்றிப் புரண்டு விழாது. 50 அல்லது 60 சுற்றே போதுமானது. கொட்டையின் நடுவே நுழையும் வெப்பமானி ஒன்றும், வறுத்தவுடன் ஆற்றுவதற்கு விசிறி அமைந்த சல்லடைத் தட்டு ஒன்றும் இருப்பின் ஆலைக்கு நிகரான பக்குவத்தை வீட்டிலேயே எய்தலாம். ஆயினும் வெடிக்கும் ஓசையைக் கேட்கும் செவிக்கும், மணத்தின் மாற்றத்தை அறியும் மூக்குக்கும் ஈடான கருவி வேறில்லை.

முடிவுரை

ஒரு கருவியைப் பேணுதல் என்பது துருவை நீக்குதல் மட்டுமன்று. அதனைச் செய்தவரின் அறிவையும், பயன்படுத்தியவரின் உழைப்பையும் அழியாமல் காத்தலும் ஆகும். அந்த உருளையை என் பள்ளி மாணவர்கள் முன் ஒருநாள் வைத்தேன். “இது என்ன ஐயா?” என்று கேட்டான் ஒரு மாணவன். அந்த ஒரு வினாவிலிருந்து உருகுநிலையும், சுழற்சியும், இலங்கையின் இலைத்துருவும், கங்காணி முறையும், பால்மரத்தின் வருகையும் அன்றைய வகுப்புக்குள் வந்து சேர்ந்தன. பாடநூலில் அரைப் பக்கமும் இடம்பெறாத நம் முன்னோரின் காப்பிக் காலம் அன்று மாணவர் உள்ளத்தில் இடம்பெற்றது.

ஆசிரியப் பெருமக்களே, நம் மாணவர்களின் வீடுகளிலும் இத்தகைய கருவிகள் கேட்பாரற்றுக் கிடக்கலாம். பழைய இரும்பு வாங்குவோர் வாயிலுக்கு வரும்முன் அவற்றைத் தேடிப் பாருங்கள். அவற்றைக் கையாண்ட மூத்தோர் வாழும்போதே அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். எடைக்கு எடை விலைபோகும் இரும்பை மீண்டும் வாங்கலாம். அதனோடு போகும் நினைவை எந்தச் சந்தையிலும் வாங்க இயலாது.