கட்டுபடியாகுமா இந்தப் படிப்பு?

“ஏனுங்ணா, பையன் நாலு வருசம் ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படிக்கறேங்கறான். கடன் வாங்கித்தான் கட்டோணும். கட்டுபடியாகுங்களா?”

எங்கள் தெருத் தங்கச்சி ஒருத்தர் போன வாரம் பட்டறை வாசலில் நின்று கேட்டார். கோயம்புத்தூரில் நாற்பது வருசத்துக்கு மேல் கிரீஸில் கை கருத்தவன் நான். என்னிடம் பட்டயமும் இல்லை, பட்டமும் இல்லை. ஆனாலும் இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. இந்த ஊரில் அதற்கு எண்பது வயசாகிறது.

1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே ஒரே ஒரு பஸ்ஸை ஓட்டத் தொடங்கியவர் ஜி.டி. நாயுடு. அந்தக் காலத்தில் மெக்கானிக்குக்குப் பள்ளிக்கூடம் ஏது? வண்டி நின்றால் கழற்றினார்கள். கழற்றியதை மாட்டத் தெரிந்தவன் மேஸ்திரி ஆனான். இரண்டாம் உலக யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனபோது, மதுரையில் டி.வி.எஸ். கம்பெனி கரிவாயுக் கலம் செய்து விற்றது. கரியை எரித்து பஸ் ஓட்டும் அந்த வித்தையையும் ரோட்டில்தான் பழகினார்கள்.

1945-ல் அன்றைய கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் தொழில்நுட்பக் கல்லூரி வந்தது. இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி அதுதான். அது உருவாக முன்னின்ற நாயுடுவே, நாலு வருசப் படிப்பு காலவிரயம், குறுகிய காலப் பயிற்சியே போதும் என்று வாதாடினார். அவர் கட்சி எடுபடவில்லை. 1949-ல் தொழிலதிபர் சி. ராஜம் சென்னை குரோம்பேட்டையில் எம்.ஐ.டி. கல்லூரியைத் தொடங்கியபோது ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் முதல் பாடப்பிரிவுகளில் ஒன்றாக இருந்தது. மறு வருசமே மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது, ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையங்கள் அதன் வழியாக வந்தவை. வண்டியை வடிவமைக்க ஒரு படிப்பு, பழுது பார்க்க இன்னொரு படிப்பு என்று பாதை அப்போதே பிரிந்துவிட்டது. இன்றும் பெற்றோர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நான் 1978-ல் பதின்மூணு வயசில் ஷெட்டில் சேர்ந்தேன். பீஸ் கிடையாது, முதல் இரண்டு வருசம் சம்பளமும் கிடையாது. டீயும் பன்னும், தீபாவளிக்கு ஒரு சட்டை. மண்ணெண்ணெயில் பார்ட்ஸ் கழுவுவதுதான் வேலை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஓடுகிற இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, எந்த இடத்தில் தட்டுகிறது என்று கேட்கச் சொல்வார் மேஸ்திரி. தப்பாகச் சொன்னால் அதே பிடி தலையில் இறங்கும். அம்பாசிடர் டேப்பெட்டுக்குப் பதினைந்து தௌ இடைவெளி, அதாவது அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் பதினைந்து பங்கு. அதை அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு எந்த அளவு இறுக்கத்தில் உருவி வர வேண்டும் என்பதை விரல் பிடித்துக்கொள்ள எனக்கு ஒரு வருசம் ஆனது. ஓசியில் படித்தேன் என்று சொல்லிக்கொள்வேன். கணக்குப் பார்த்தால், தொழில் முழுசாகப் பிடிபட ஆன எட்டு வருசத்தைக் கட்டணமாகக் கொடுத்திருக்கிறேன்.

என் சித்தப்பா மகன் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் இரண்டு வருசம் படித்தான். 1961-ம் வருசத்து அப்ரண்டிஸ் சட்டத்தின்படி அரசு பஸ் டெப்போவில் பயிற்சி கிடைத்தது. பிறகு அங்கேயே வேலை. ஆரம்பத்தில் கியர் பாக்ஸ் இறக்க என்னிடம்தான் யோசனை கேட்பான். இன்று அவனுக்குப் பென்ஷன் வருகிறது, நான் இன்னும் காருக்கடியில் படுத்திருக்கிறேன்.

சர்டிபிகேட்டின் மதிப்பு எனக்கு உறைத்தது 2000-ஐ ஒட்டி. கார்புரேட்டர் போய், சென்சார் சொல்படி பெட்ரோலைப் பீய்ச்சும் எம்.பி.எஃப்.ஐ. வந்தது. ஒரு கார் கிளம்பி நாலடி போகும், நிற்கும். பிளக்கை மாற்றினேன், பெட்ரோல் பம்பைப் பார்த்தேன். மூணு நாள் மல்லுக்கட்டினேன். காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் வேலைக்கிருந்த ஐ.டி.ஐ. பையன் வயரிங் படத்தை விரித்து, மல்டிமீட்டரால் ஒவ்வொரு வயராகத் தொட்டு, அரை மணியில் சென்சாரைப் பிடித்தான். அன்றைக்கே, இன்ஜின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனர் வாங்கப் பணம் சேர்க்க ஆரம்பித்தேன். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு ஸ்கேனர் இல்லாமல் பானெட்டைத் திறப்பதில் அர்த்தமில்லை. அதே பையன் ஹெட் போல்ட்டை எந்த வரிசையில் இறுக்குவது என்று என்னைக் கேட்டுத்தான் செய்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தங்கச்சியிடம் நான் சொன்னது இதுதான். பையனுக்கு வண்டியை வடிவமைக்க ஆசை, கணக்கும் வரும் என்றால் பி.இ. சேருங்கள், கடனுக்கும் ஒரு நியாயம் இருக்கும். ரிப்பேர்தான் அவன் தொழில் என்றால் அதற்காகக் கடன் வாங்காதீர்கள். அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சி இலவசம், மாசம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. பழைய மெஷின்தானே இருக்கும் என்று யோசிக்காதீர்கள்: 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் புதுப்பித்த திட்டத்தில் மின்வண்டிப் பயிற்சியும் இருக்கிறது. முடித்ததும் ஒரு வருசம் அப்ரண்டிஸ். அதன் பிறகும் மேலே படிக்க ஆசையிருந்தால் டிப்ளமோ இரண்டாம் வருசத்தில் நேரடியாகச் சேர வழியுண்டு.

சேர்ப்பதற்கு முன்னால், லீவு நாளில் ஒரு மாசம் ஏதாவது பட்டறைக்கு அனுப்பிப் பாருங்கள். நகத்திடுக்கில் ஏறும் கரி அவனுக்கு அருவருப்பாக இருந்தால், எந்தப் படிப்பும் கட்டுபடியாகாது.