மரிப்போரைக் குறித்துக் கூடிய மாநாடுகள்: ஒரு வரலாற்று நோக்கு

திருச்சபை வரலாற்றைக் கற்பிக்கும் நாம் மாநாடுகளைப் பற்றிப் பேசாத நாளில்லை. எருசலேமில் அப்போஸ்தலர் கூடியதில் தொடங்கி, நிசேயா, கல்கெதோன் எனச் சென்று, 1910இல் எடின்பரோவிலும் 1938இல் சென்னைக்கு அருகே தாம்பரத்திலும் கூடிய அருட்பணி மாநாடுகள் வரை மாணவரை ஆண்டுகளோடு ஒப்புவிக்கச் செய்கிறோம். ஆனால் மரணத்தை நெருங்கியோரின் பராமரிப்பைக் குறித்துக் கடந்த அறுபது ஆண்டுகளாக மருத்துவரும் செவிலியரும் சமூகப் பணியாளரும் கூடிவந்த மாநாடுகள் நம் பாடத்திட்டத்தில் எங்கும் இடம்பெறவில்லை. அவை மருத்துவத் துறையின் உள்விவகாரம் என்றே நானும் பல்லாண்டுகள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் தவறு என்பதை எனக்கு உணர்த்தியது நூலன்று. சங்கராபுரத்தில் ஒரு வீடு.

1997ஆம் ஆண்டு. அபிஷேகம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த நான், அப்போது விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த சங்கராபுரம் பகுதியில் ஊழியம் செய்துவந்தேன். சபையைச் சேர்ந்த மூதாட்டியார் ஒருவர் கருப்பைவாய்ப் புற்றுநோயால் துன்புற்றுவந்தார். நூறு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு பெரிய மருத்துவமனையில் அவரைப் பரிசோதித்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கூறி வீட்டிற்கு அனுப்பிவிட்டனர். மருந்துக்கடையில் கிடைத்த மாத்திரைகள் ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. நான் வாரத்தில் இருமுறை சென்று வேதம் வாசித்து ஜெபித்தேன். யோபுவின் பொறுமையையும், பவுலின் மாம்சத்தில் இருந்த முள்ளையும் எடுத்துரைத்தேன். ஒருநாள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, ஜெபம் பண்ணினது போதும். இந்த வலிக்கு எங்கேயாவது ஏதாவது கேட்டு வாங்கிக் கொடுங்க" என்றார். அதனை விசுவாசக் குறைவென்று எண்ணி, மீண்டும் ஜெபித்தேன். ஏழு வாரங்கள் கழித்து அவர் மரித்தார். கடைசி நாட்களில் அவர் எழுப்பிய ஓலம் தெருமுனை வரை கேட்டது.

அவர் கேட்ட மருந்து உலகில் இருந்தது. விலையும் மலிவானது. அது ஏன் சங்கராபுரத்தை வந்தடையவில்லை என்ற வினாவிற்கு விடை தேடப் புகுந்தபோதுதான் இம்மாநாடுகளின் வரலாறு எனக்குத் தெரியவந்தது.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நம் போன்ற இறையியல் மாணவரே நிற்கின்றனர் என்பது வியப்பிற்குரியது. 1965ஆம் ஆண்டு சிக்காகோ இறையியல் கல்லூரி மாணவர் நால்வர், மனித வாழ்வின் நெருக்கடிகள் குறித்துக் கட்டுரை எழுத வேண்டி, மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராசை அணுகினர். மனிதன் சந்திக்கும் பெரிய நெருக்கடி மரணமே. அதனைப் பற்றி மரித்துக்கொண்டிருப்பவரிடமே கேட்போம் என்று அவர்கள் முடிவு செய்தனர். நோயாளியை நேர்கண்டு, அவர் சென்றபின் கூடிக் கலந்துரையாடும் வாராந்திரக் கருத்தரங்கு இவ்வாறு பிறந்தது. மருத்துவமனைச் சிற்றாலயக் குருமாரும் அதில் பங்கேற்றனர். அதன் விளைவே 1969இல் வெளிவந்து உலகெங்கும் வாசிக்கப்பட்ட, மரணத்தையும் மரித்தலையும் பற்றிய அவரது நூல்.

இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் அம்மையாரின் பணி இதற்கு முந்தியது. செவிலியராகவும், பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்த அவர், 1948இல் மரித்த தாவீது தாஸ்மா என்னும் போலந்து நாட்டு யூத அகதி விட்டுச்சென்ற 500 பவுன் தொகையை முதலாகக் கொண்டு ஒரு கனவை வளர்த்தார். மரிப்போருக்கு மருத்துவரே செவிசாய்க்க வேண்டும் என்பதற்காகத் தாமே மருத்துவம் பயின்று 1957இல் தேறினார். 1967இல் இலண்டன் சிடன்ஹாமில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். ஆழ்ந்த ஆங்கிலிக்க விசுவாசியாகிய அவர் தந்த கருத்துகளில் தலையாயது 'முழு வேதனை' என்பதாகும். உடல், மனம், சமூக உறவு, ஆவி ஆகிய நான்கும் பிரிக்கவியலாதபடி ஒரே வலியாய்ப் பின்னிக் கிடக்கின்றன என்பது அதன் பொருள். ஆனால் அவர் முதலாவது கவனித்தது உடல் வலியையே என்பதைக் குருமார் மறந்துவிடுகிறோம். வலி மீண்டும் வருமுன் மார்பின் மருந்தைக் கடிகாரம் பார்த்து, முறையாக வாய்வழியே கொடுத்தார். வலி அடங்கியபின் நோயாளி தாமாகவே தேவனைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் பேசத் தொடங்குவதைக் கண்டார்.

1966இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் செவிலியர் கல்லூரி முதல்வர் புளோரன்ஸ் வால்டு கூட்டிய பணிப்பட்டறையில் சாண்டர்சும் கூப்ளர் ராசும் ஒருவரையொருவர் கண்டனர். இத்துறைக்குரிய கூட்டங்களுள் முதன்மையானதாக அதனைக் கருதலாம். அங்கிருந்து உருவான குழுவில் மருத்துவமனைக் குருவானவர் எட்வர்டு டோபிஹாலும் இருந்தார். அவர்களது முயற்சியால் 1974இல் கனெக்டிகட் நல்வாழ்வு இல்லம் பணி தொடங்கியது.

மாநாடு என்னும் பெயருக்கு முழுதும் ஏற்றது கனடாவின் மான்ட்ரியலில் 1976இல் கூடியதே. அதனைக் கூட்டிய பால்பர் மவுண்ட் ஓர் அறுவை மருத்துவர். 1973இல் தம் சபையில் நிகழ்ந்த ஒரு கலந்துரையாடலில் கூப்ளர் ராசின் நூலைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. அதற்காக அவர் அந்நூலைப் படித்தார். தம் மருத்துவமனையில் மரிப்போர் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்று ஆராய்ந்தார். கண்டதைக் கண்டு கலங்கினார். இலண்டன் சென்று சாண்டர்சின் இல்லத்தைப் பார்த்துத் திரும்பி, 1975 ஜனவரியில் ராயல் விக்டோரியா மருத்துவமனையில் தனிப் பிரிவொன்றைத் தொடங்கினார். சபைகளில் நடக்கும் மாலைக் கூட்டங்களால் பயனொன்றுமில்லை என்று முணுமுணுக்கும் நம் சபைச் செயலர்கள் இந்நிகழ்ச்சியை மனத்திற்கொள்வது நலம்.

அவர் சூட்டிய பெயரிலும் ஒரு வரலாறு உண்டு. சாண்டர்ஸ் வழங்கிய பெயர் பிரெஞ்சு மொழியில் ஆதரவற்றோர் விடுதியைக் குறித்தமையால், அவர் மேலங்கி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லடியிலிருந்து 'பாலியேட்டிவ்' என்னும் சொல்லைத் தெரிந்தெடுத்தார். குணமாக்க இயலாத நோயைப் போர்வைபோல் மூடிக் காப்பது என்பது கருத்து. தமிழ்நாட்டு அரசு இதனை நோய் ஆதரவுச் சிகிச்சை என வழங்குகிறது. அது நல்ல பெயர். மான்ட்ரியல் மாநாடு அதன்பின் ஈராண்டுக்கு ஒருமுறை கூடிவருகிறது.

இனி இந்தியாவிற்கு வருவோம். 1982இல் இத்தாலியின் கொமேரியோவில் உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வல்லுநர் சிலர் கூடினர். சிறிய கூட்டம், ஆயினும் பலன் பெரிது. 1986இல் வெளியான மூன்றுபடி முறை அங்கே வரைந்தெடுக்கப்பட்டதாகும்: முதலில் எளிய வலிமருந்து, அடங்காவிடில் கோடீன் போன்றவை, அதற்கும் அடங்காவிடில் மார்பின். ஏழை நாடுகளும் பின்பற்றத்தக்க முறை இது. அதே 1986இல் பம்பாயில் மருத்துவர் டிசூசாவின் முயற்சியால் சாந்தி அவேதனா இல்லம் திறக்கப்பட்டது. இந்தியாவின் முதல் இல்லம் அதுவே.

ஆனால் அதற்கு ஓராண்டு முன்னரே கதவொன்று மூடப்பட்டிருந்தது. 1985 நவம்பரில் நடைமுறைக்கு வந்த போதைப் பொருள் தடுப்புச் சட்டம், குறைந்தது 10 ஆண்டுச் சிறைத் தண்டனையை விதித்தது. சட்டம் மார்பின் மருந்தைத் தடைசெய்யவில்லை. எனினும் அதனை ஒரு மருத்துவமனை வாங்கி வைக்க நான்கைந்து உரிமங்கள் வேண்டியிருந்தன. அவற்றைக் கலால் துறையும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் தனித்தனியே வழங்கின. யாவும் ஒரே காலத்தில் செல்லுபடியாகவும் வேண்டும். ஒன்று கைக்கு வருமுன் மற்றொன்று காலாவதியாகும். எழுத்துப் பிழைக்குச் சிறை செல்ல எந்த மருந்தாளர் துணிவார்? மத்தியப் பிரதேசத்திலும் இராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசின் அனுமதியோடு அபினி பயிரிட்டு உலகுக்கு அனுப்பும் நாடு இது. இந்நாட்டில் மார்பின் பயன்பாடு 1985க்கும் 1997க்கும் இடையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேலாகக் குறைந்தது. மிகத் தாழ்ந்த ஆண்டு 1997. அவ்வாண்டில் நாடு முழுவதற்கும் செலவானது ஏறத்தாழ 18 கிலோ மட்டுமே.

அந்த எண்ணை நான் முதன்முதலாகப் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். அம்மூதாட்டியார் மரித்தது அதே ஆண்டில். அவருடைய வலி தேவன் அனுமதித்த சிலுவை என்று நான் பிரசங்கித்தேன். அதில் பெரும்பங்கு உரிமப் படிவங்களால் வந்தது.

சட்டத்தின் இறுக்கத்தைத் தளர்த்தியதில் மாநாடுகளின் பங்கை இங்கே காணலாம். 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் மருத்துவர் எம். ஆர். இராஜகோபாலும் சுரேஷ் குமாரும் நண்பரும் சேர்ந்து வலி மற்றும் ஆதரவுச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கினர். 1994இல் இந்திய ஆதரவுச் சிகிச்சைச் சங்கம் அகமதாபாத்தில் பதிவு பெற்றது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழக அறிஞர் டேவிட் ஜொரான்சன் இந்திய மருத்துவரோடு சேர்ந்து விதிகளை ஆராய்ந்தார். எளிமையாக்கப்பட்ட மாதிரி விதியை மேற்கொள்ளுமாறு 1998இல் மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. அறிவுறுத்தல் தானாக நடைமுறைக்கு வரவில்லை. மருத்துவர், கலால் அதிகாரி, மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரி ஆகியோரை ஒரே மேசையில் அமர்த்திய பணிப்பட்டறைகள் மாநிலந்தோறும் நடத்தப்பட்டன. நோயாளியை ஒருபோதும் கண்டிராத அதிகாரி, அங்கே முதன்முறையாக அவனைப் பற்றிக் கேள்வியுற்றார். சில மாநிலங்கள் மாறின; பல அசையவில்லை. 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திய பின்னரே நாடு முழுவதற்கும் ஒரே விதி வந்தது. பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் பொறுப்பேற்கும் மருத்துவமனைக்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் ஒன்றே இப்போது போதும்.

மற்றொரு கனியையும் குறிக்க வேண்டும். 2014இல் இச்சங்கமும் தீவிர சிகிச்சை மருத்துவர் சங்கமும் இணைந்து, பயனற்ற சிகிச்சையை நிறுத்தி மரிப்பவரை ஆறுதலோடு பராமரிப்பது பற்றிய கூட்டறிக்கையை வெளியிட்டன. கண்ணியத்தோடு மரிக்கும் உரிமை வாழ்வுரிமையின் பகுதியே என்றும், முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் செல்லும் என்றும் உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. அதன் கடினமான நடைமுறைகளை 2023இல் எளிதாக்கியது. இதன் அறநெறிச் சிக்கல்கள் தனிக் கட்டுரைக்குரியவை.

சங்கத்தின் ஆண்டு மாநாடு 2017இல் கோவையில் கூடியது. அத்தகைய கூட்டங்களைப் பற்றி எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஆவிக்குரிய பராமரிப்பு முழு வேதனையின் நான்கில் ஒரு பங்கு என்று எல்லாரும் ஏற்கின்றனர். அதற்காகக் குருமார் எத்தனை பேர் பயிற்சியோடு வருகின்றனர்? மருத்துவர் நம்மை வெளியே நிறுத்திவிட்டனர் என்று குறைகூறுவது எளிது. சிக்காகோ மாணவர் நால்வரும் அழைப்பிற்காகக் காத்திருக்கவில்லை.

கேரளம் இதில் நமக்கு முன்னோடி. அங்கே மாநாட்டு மேடையில் பேசப்பட்டது தெருவுக்கு இறங்கியது. அண்டை வீட்டார் சில மணிநேரப் பயிற்சி பெற்று, செவிலியரோடு வீடுவீடாய்ச் சென்றனர். செலவைச் சிறு காணிக்கைகளால் தாங்கினர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. 2008இல் அம்மாநில அரசு இதற்கெனக் கொள்கையொன்றை வெளியிட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது.

நம் பகுதியிலும் மாற்றம் உண்டு. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாயிற்று. 2022 ஜனவரியில் அங்கே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டிலேயே ஆதரவுச் சிகிச்சை அளிப்பதும் சேர்க்கப்பட்டுள்ளது. ஆயினும் வெள்ளிமலையைச் சூழ்ந்த கல்வராயன் மலைச் சிற்றூர்களில் படுக்கையிலிருக்கும் ஒரு மலையாளிப் பெரியவருக்குத் தவறாமல் மருந்து சேர்வது, மழைக்காலத்தில் பாதையையும் பேருந்தையும் பொறுத்தது. அங்கே துணை நிற்க முன்வருவோர் மருத்துவராய் இருக்க வேண்டியதில்லை.

நம் சபைகளுக்கு இப்பகுதியில் பழைய மருத்துவ ஊழியம் உண்டு. திருக்கோவிலூர் டேனிஷ் மிஷன் மருத்துவமனையை அறியாதார் இலர். தமிழ்நாடெங்கும் சபைகளின் பொறுப்பிலுள்ள மருத்துவமனைகளுள், 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மார்பின் வைத்திருக்கும் அங்கீகாரம் பெற்றவை எவை என்பதை வாசகர் எவரும் தத்தம் பேராயத்தில் கேட்டறியலாம். அதற்கு ஒரு கடிதம் போதும்; என் கடிதத்தை நான் அனுப்பிவிட்டேன்.