மெஜிக்காரர் (சொல் வரலாறு)

ஆங்கில ‘மஜீஷியன்’ கொழும்புத் தமிழ்ப் பேச்சில் மெஜிக்காரர் ஆகிவிட்டது. இன்று அது மேடையில் சீட்டுக்கட்டையும் கைக்குட்டையையும் மாயமாக்கிக் காட்டுபவரின் பெயர். மூலமான பழம்பாரசீக ‘மகு’ பூசகரைக் குறித்தது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் தாரியஸ் வெட்டுவித்த பெகிஸ்தூன் கல்வெட்டில், அரியணையைக் கவர்ந்த கௌமாதா ஒரு ‘மகு’. கிரேக்கர் வாயில் அது ‘மாகோஸ்’. ஹெரோடோட்டசுக்கு மாகோய் என்போர் மீதியரின் ஒரு குலத்தார். சோபோக்கிளீசின் நாடகத்திலோ ஈடிபஸ் மன்னன் குருட்டுத் தீர்க்கதரிசியை அச்சொல்லால் ஏசுகிறான். அயலாரின் பூசகரை மந்திரவாதியாகப் பார்க்கும் வழக்கம் அவ்வளவு பழையது. லத்தீன், பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் அச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தது.

கிரேக்க விவிலியத்தில் குழந்தை இயேசுவைத் தேடி வந்தவர்களும் மாகோய். பவுலை எதிர்த்த எலிமாவும் மாகோஸ். தமிழில் இரு தரப்பினருக்கும் ஒரே பெயர் இடப்படவில்லை. புரட்டஸ்தாந்தரின் பழைய மொழிபெயர்ப்பில் முன்னவர்கள் சாஸ்திரிகள், பின்னவன் மாயவித்தைக்காரன். 1995ஆம் ஆண்டின் பொது மொழிபெயர்ப்பில் முன்னவர்கள் ஞானிகள். கத்தோலிக்க மக்களுக்கோ அவர்கள் மூவிராசாக்கள்; மன்னார்ப் பகுதியில் ஆடப்பட்ட அப்பெயருடைய நாடகத்தைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1966இல் பதிப்பித்தார்.

‘விசர்ட்’ என்ற இன்னொரு ஆங்கிலச் சொல் 15ஆம் நூற்றாண்டில் அறிஞரைக் குறித்து, அடுத்த நூற்றாண்டில் மந்திரவாதிக்குச் சரிந்தது.

ஒருவரை ஞானி என்றும் இன்னொருவரை மந்திரவாதி என்றும் பிரிக்கும் இந்தப் பாகுபாடு கொழும்புக் கொச்சிக்கடையில் இன்றும் பேச்சில் உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், மறைந்து பணியாற்றிய அந்தோனியோ என்ற குருவிடம், கரையை அரிக்கும் கடலைத் தடுத்துத் தருமாறு மீனவர் கேட்டார்களாம். அவர் சிலுவை நட்டு மூன்று நாள் செபிக்க, கடல் பின்வாங்கியது என்பது புனித அந்தோனியார் திருத்தலத்தின் மரபுக் கதை. இதையே பேயோட்டும் ஊர்க் கட்டாடி ஒருவர் செய்திருந்தால் மந்திரம் என்றிருப்பார்கள். செவ்வாய்தோறும் அங்கே கூடுவோரில் கத்தோலிக்கர் மட்டுமன்றி இந்துக்களும் பௌத்தர்களும் உண்டு. செய்வினைக்கு அஞ்சி மெழுகுதிரி ஏற்ற வருபவர்கூட அந்தோனியாரை மந்திரவாதி என்பதில்லை. அவர் கோடி அற்புதர்.