உராய்வுத் துளையிடலின் கணினி உருவகம்

உராய்வுத் துளையிடல் என்பது வேகமாகச் சுழலும் கூம்பு முனையைத் தகட்டில் அழுத்தி, எழும் வெப்பத்தால் உலோகத்தை இளக்கித் துளையிடும் முறை. சுருளோ தூளோ விழாது. ஒதுங்கும் உலோகம் துளையைச் சுற்றிச் சிறு குழலாக நின்றுவிடும். மெல்லிய தகட்டில் நட்டை வெல்டு வைக்காமலே மரை வெட்ட அந்தக் குழல் போதும். இந்நிகழ்வைச் சமன்பாடுகளாக்கி முன்கூட்டியே காட்டுவது கணினி உருவகம்.

துளையிடும் வெப்பத்தை ஆராய்ந்தவர்களில் முன்னோடி ரம்ஃபோர்டு பிரபு. மியூனிக்கில் பீரங்கி வார்ப்பை நீரில் அமிழ்த்தி, மழுங்கிய கருவியால் கடைந்து, நெருப்பின்றி இரண்டரை மணி நேரத்தில் அந்த நீரைக் கொதிக்கவைத்தார். 1798இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த கட்டுரையில் இதை விவரித்தார். அவர் தேடியது துளையை அல்ல, வெப்பம் ஒரு பொருளல்ல என்பதற்கான சான்றை. அந்த வெப்பத்தாலேயே துளையிட 1923இல் முயன்றவர் பிரான்சின் ஜான் குளோட் த வாலியேர். அதைத் தாங்கும் கருவி அன்று இல்லை. டங்ஸ்டன் கார்பைடு முனைகள் வந்த பிறகே, பல பத்தாண்டுகள் கழித்து, இம்முறை பட்டறைக்குள் நுழைந்தது.

கணக்குக்கு வேண்டிய கருவிகளும் தனித்தனியே பிறந்தவை. உலோகத்தை நெளிக்கச் செலவாகும் வேலையில் பெரும்பகுதி வெப்பமாகிவிடுகிறது என்பதை டெய்லரும் குவின்னியும் 1934இல் அளந்தார்கள். பொருளைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும் வரம்புறு உறுப்பு முறைக்கு 1960இல் கிளஃப் பெயரிட்டார். சூடும் வேகமும் உலோகத்தின் வலிமையை எப்படி மாற்றும் என்பதற்கு ஜான்சன்–குக் சமன்பாடு 1983இல் வந்தது.

இவற்றை ஒன்றுசேர்த்து, வெப்பத்தையும் விசையையும் பிணைத்த முப்பரிமாண உருவகத்தை அமெரிக்க ஆய்வாளர்கள் மில்லரும் ஷியும் 2007இல் வெளியிட்டார்கள். உலோகம் மிகையாக நெளியும்போது கணக்கிடும் கட்டங்களும் கோணிப்போகும். அதனால் கட்டவலையை இடையிடையே சீரமைத்தார்கள். மிகவும் சிதைந்த கட்டங்களை நீக்கினார்கள். கணக்கு விரைவாக முடிய உலோகத்தின் நிறையைச் செயற்கையாகக் கூட்டினார்கள். கட்டத்தை நீக்கினால் அதிலுள்ள உலோகமும் கணக்கிலிருந்து மறைந்துவிடும். துளியும் வீணாகாது என்பதே உராய்வுத் துளையிடலின் பெருமை. குழலின் உயரத்தை நிர்ணயிப்பதும் அந்த உலோகம்தான். ஆகவே இது சிறிய சமரசமல்ல. இதைத் தவிர்க்க, வானியலுக்காக 1977இல் உருவான, கட்டங்களுக்குப் பதில் துகள்களைக் கொண்டு கணக்கிடும் முறை ஒரு வழி தருகிறது. ஆனால் அதற்குக் கணினி நேரம் அதிகம் பிடிக்கும்.

உராய்வின் அளவைக் குறிக்கும் எண்ணான உராய்வுக் கெழுதான் இன்றும் இவ்வுருவகங்களின் பலவீனமான இடம். சூடேறச் சூடேற அது மாறும். செந்தழலாய்ச் சுழலும் முனைக்கடியில் அதை நேரடியாக அளப்பது கடினம். பெரும்பாலும் அளந்த அழுத்த விசையோடு பொருந்தும்படி ஓர் எண்ணைத் தேர்ந்துகொள்கிறார்கள். அப்படித் தேர்ந்த எண்ணை வைத்து அதே விசையைச் சரியாகக் கணித்ததாகச் சொல்லும் உருவகத்தைச் சான்றாக ஏற்க முடியாது.