மங்களூரில் ஒரு சுண்ணாம்புச் சுவர்

மங்களூர் போகும் நம் நண்பர்கள் கடற்கரையைப் பார்த்து, மீன் சாப்பாட்டை ஒரு கை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். லைட்ஹவுஸ் குன்றில் செயின்ட் அலோசியஸ் கல்லூரியின் சிற்றாலயம் இருக்கிறது. அதில் ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டு வாங்க. சிவில் படித்தவர்கள் கட்டாயம் போகணும்.

இத்தாலிய இயேசு சபைக் குருக்கள் மங்களூரில் வந்திறங்கியது 1878-ன் கடைசி நாளில். 1880-ல் கல்லூரி தொடங்கியது. அந்தப் பத்தாண்டுக்குள் ஆலயமும் எழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. உள்ளே போய்த் தலையை நிமிர்த்தினால்தான் தெரியும். சுவர், வளைவு, விதானம் எல்லாம் சித்திரம்.

வரைந்தவர் அந்தோனியோ மொஸ்கேனி. 1854-ல் இத்தாலியின் பெர்காமோ அருகே பிறந்து, ஓவியம் முறையாகப் பயின்றவர். 1889-ல் சபையில் சேர்ந்தார், குருவாக அல்ல, சகோதரராக. 1899-ல் மங்களூர் வந்து சுமார் இரண்டரை ஆண்டில் வேலையை முடித்திருக்கிறார். சுவரில் மட்டும் ஏறக்குறைய 600 சதுர மீட்டர். விதானத்தில் கான்வாஸ் துணியில் எண்ணெய் வண்ணம் தனி. கான்ட்ராக்டர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்!

என்னை அசத்தியது அந்தச் சுவர்தான். இது காய்ந்த சுவரில் பெயின்ட் அடிக்கிற வேலை இல்லை. ஈரம் உலராத சுண்ணாம்புப் பூச்சின் மேல், தண்ணீரில் குழைத்த வண்ணத்தைத் தீட்டணும். பசை கிடையாது. சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை வாங்கிக்கொண்டு கால்சியம் கார்பனேட்டாக இறுகும்போது, வண்ணத் துகளும் அதற்குள் சிக்கிக்கொள்ளும். அதாவது படம் சுவரின் மேல் இல்லை, படமே சுவர். அன்றைக்கு எவ்வளவு வரைய முடியுமோ அவ்வளவுதான் பூசலாம். மீந்தது காய்ந்துவிட்டால் கொத்தி எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டியதுதான். கான்கிரீட் போடும்போது ஜாயின்ட் எங்கே வரும் என்று முதலிலேயே தீர்மானிக்கிறோமே, அந்த மாதிரி. அவருக்கு ஜாயின்ட் ஒரு முகத்தின் குறுக்கே வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ரோமில் மைக்கேலாஞ்சலோவின் சிஸ்டைன் விதானத்தோடு (1508-1512) இதை ஒப்பிடுகிறார்கள். எனக்கு அது தேவையில்லாத ஒப்பீடாகப் படுகிறது. அவர் மேதை, இவர் உழைப்பாளி. வருடத்துக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில், சுண்ணாம்பை நம்பி இறங்கியவர் இவர்.

சுவர்தான் படம் என்றால், ஈரம் உள்ளே வந்தால் படமும் போச்சு. 1991 முதல் 1994 வரை இன்டாக் அமைப்பின் லக்னோ மையத்தார் இவற்றைச் சீர்செய்தார்கள். மேலே புதிதாக வண்ணம் பூசி 'பளிச்' ஆக்குவது சுலபம். நம் ஊர்ப் பழைய கோயில் சித்திரங்களுக்கு அப்படி நடந்ததைப் பார்த்திருக்கிறோம். இங்கே அந்தக் கதி வரவில்லை.

படங்களில் முக்கியமானது அலோசியஸ் கொன்சாகாவின் வாழ்க்கை. பிரபு வீட்டுப் பிள்ளை. சொத்துரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் துறவியானவர். ரோமில் கொள்ளைநோய் வந்தபோது நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, 1591-ல் 23 வயதில் இறந்தார். கல்லூரிப் பையன்கள் கூடும் இடத்துக்கு ஏற்ற கதைதான்.

மொஸ்கேனி பிறகு கொச்சிக்குப் போய் சாந்தா குரூஸ் பேராலயத்தில் வரைந்தார். அது 1905 நவம்பர் 19-ல் அர்ச்சிக்கப்பட்டது. அவர் நான்கு நாள் முன்பே, 15-ம் தேதி, அங்கேயே இறந்துவிட்டார்.