நன்னீர் மீன்களின் செவுள்களும் நீரின் உப்புகளும்

நன்னீர் மீன்களின் செவுள்கள் மூச்சு உறுப்புகள் மட்டுமல்ல; உடலின் உப்புச் சமநிலையைப் பேணும் முதன்மை உறுப்புகளும் ஆகும். இம்மீன்களின் குருதியிலுள்ள உப்பு, சுற்றியுள்ள நீரில் உள்ளதைவிடப் பன்மடங்கு மிகுதி. ஆகவே சவ்வூடு பரவலால் நீர் ஓயாது உடலுள் புகுகிறது. சோடியம், குளோரைடு அயனிகள் வெளியே கசிகின்றன. புகுந்த நீரை மீன் மிக நீர்த்த சிறுநீராக வெளியேற்றுகிறது.

உப்பை மீளப் பெறல்

இழந்த உப்பில் ஒரு பகுதி உணவிலிருந்து கிடைக்கிறது. எஞ்சியதைச் செவுளிலுள்ள குளோரைடு உயிரணுக்கள் ஆற்றலைச் செலவிட்டு நீரிலிருந்தே உறிஞ்சுகின்றன. இதனை 1930களில் டென்மார்க்கைச் சேர்ந்த உடலியங்கியலாளர் ஆகஸ்ட் குரோக் ஆய்வுகளால் காட்டினார். உப்பு மிகக் குறைந்த நீரில் இவ்வுயிரணுக்கள் பெருகி, மெல்லிய செவுள் தகடுகளின் மேலும் பரவுகின்றன. உப்பு உறிஞ்சல் கூடினாலும், நீருக்கும் குருதிக்கும் இடையிலான படலம் தடித்து, ஆக்சிசன் உட்புகுவது கடினமாகிறது.

குளோரைடு நுழையும் இதே வழியில் நைத்திரைட்டும் நுழைந்துவிடும். அது ஈமோகுளோபினை ஆக்சிசன் சுமக்க இயலாத வடிவாக மாற்றுவதால் குருதி பழுப்பு நிறமடைகிறது. நீரில் ஆக்சிசன் போதிய அளவு இருந்தும் மீன் மூச்சுத்திணறும். நீரில் குளோரைடு மிகுந்தால் நைத்திரைட்டு நுழைவது குறையும். மீன் வளர்ப்போர் குளத்தில் உப்பிடுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

கால்சியத்தின் பங்கு

செவுள் உயிரணுக்களுக்கு இடையிலான இணைப்புகளை இறுக்கி, உப்புக் கசிவைக் குறைப்பது நீரிலுள்ள கால்சியம். சமையலுப்பு இதற்கு மாற்றாகாது; உப்பிட்டால் நீரின் கடினத்தன்மை கூடும் என்று கருதுவது தவறு. செம்பு முதலான உலோகங்களின் நச்சுத்தன்மையும் கடின நீரில் குறைவாகவே இருக்கும்.

கால்சியம் குறைந்த நீர் அமிலமானால் விளைவு கடுமையாகும். அமிலம் சோடியம் உறிஞ்சலைத் தடுப்பதோடு, செவுளில் ஒட்டியுள்ள கால்சியத்தையும் அகற்றிவிடுகிறது. தெற்கு நோர்வேயின் பாறைகள் பெரும்பாலும் சுண்ணாம்பு குறைந்தவை. 20ஆம் நூற்றாண்டில் அங்கு பெய்த அமில மழை, மண்ணிலிருந்து அலுமினியத்தையும் கரைத்து ஆறுகளில் சேர்த்தது. அலுமினியம் செவுள்களில் படிந்து உப்பிழப்பையும் மூச்சுத்தடையையும் ஒருங்கே உண்டாக்கியது; பல ஆறுகளில் அத்திலாந்திக் சால்மன் அற்றுப்போனது. சுண்ணாம்புக்கல் தூள் இடப்பட்ட ஆறுகள் சிலவற்றில் அது பின்னர் மீண்டும் பெருகியது.

எல்லா மீன்களும் இவ்வாறு பாதிக்கப்படுவதில்லை. அமேசானின் கிளையாறான ரியோ நெக்ரோவின் நீர், உப்பு மிகக் குறைந்த அமில நீர். அங்கு வாழும் கார்டினல் டெட்ரா போன்ற மீன்களின் செவுள்களிலிருந்து அமில நீரிலும் உப்பு எளிதில் கசிவதில்லை.